நிலவறையில் கிடந்த வாரண்டு

நியாயாதிபதி தீர்ப்பைப் படித்துவிட்டு எழுந்து உள்ளே போகிறார். வக்கீல்கள் தங்கள் கட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜெயித்தவர்கள் காப்பி ஹோட்டலுக்கும், தோற்றவர்கள் வீட்டுக்கும், தண்டனை பெற்றவன் சிறைச்சாலைக்கும் போய்ச் சேருகிறார்கள். இவ்வளவு பேரும் போன பிறகு வழக்கு எங்கே போகிறது? இந்தக் கேள்வியை நாம் சாதாரணமாய்க் கேட்பதில்லை. ஆனால் வழக்குக்கும் ஒரு வாசஸ்தலம் உண்டு. ஒரு குமாஸ்தா அதைக் கட்டாகக் கட்டி, மேலே ஒரு நம்பர் போட்டு, அலமாரியில் வைக்கிறார். அலமாரி நிறைந்ததும் அது பெட்டிக்குப் போகிறது. பெட்டிகள் பெருகியதும் கட்டடத்தின் நிலவறைக்குப் போகிறது. அங்கே ஈரமும், கறையானும், மறதியும் அதற்காகக் காத்திருக்கின்றன.

கோர்ட்டு ரிக்கார்டின் மதிப்பை நம் தேசத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1908-ல் திருநெல்வேலியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை மீதும், 1922-ல் ஆமதாபாத்தில் மகாத்மா காந்தி மீதும் அந்நிய சர்க்கார் ராஜத் துரோக வழக்கு நடத்திற்று. அந்த வழக்குகளில் சொன்னதும் கேட்டதும் காகிதத்தில் ஏறி நின்றபடியால்தான், குற்றவாளிக் கூண்டில் நின்றவர் யார், உண்மையில் குற்றம் செய்தவர் யார் என்று பிற்காலத்தவர் தாமே படித்துத் தீர்மானிக்க முடிகிறது.

இந்த வாரம் கடல் கடந்து, அமெரிக்காவின் நாட்டுப்புறக் கோர்ட்டு ஒன்றின் நிலவறைக்கு நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பெருங்குற்ற வழக்குகளின் காகிதங்களை அங்கே எப்படித் தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதே விஷயம். "இது நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் நேயர்களில் எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளும் பெண்களும் இன்று அந்தத் தேசத்தில் குடியிருக்கிறார்கள் என்பது ஒரு பதில். மற்றொரு பதிலைக் கட்டுரையின் முடிவில் சொல்லுகிறேன்.

* * *

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 3,000-க்கு மேற்பட்ட கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற பிரிவு. லூயிஸியானா மாகாணத்தில் மட்டும் அதற்குப் பாரிஷ் என்று பெயர். டெக்ஸாஸ் மாகாணம் ஒன்றிலேயே 254 கவுண்டிகள் உண்டு. அவற்றில் லவிங் என்ற கவுண்டியின் ஜனத்தொகை, 2020-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி, 64! நம் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் முதல் வரிசைக்குக்கூட அந்த ஜனங்கள் காணமாட்டார்கள். ஆயினும் அந்த 64 பேருக்கும் மென்டோன் என்ற ஊரில் ஒரு கோர்ட்டுக் கட்டடம் உண்டு. அதில் ரிக்கார்டுகளும் உண்டு.

கொலை, கொள்ளை, ஆள் கடத்தல் முதலிய பெருங்குற்றங்களை அந்நாட்டார் பெலனி என்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட சிறைவாசம் விதிக்கத் தக்க குற்றம் என்று பொதுவாக அதற்கு இலக்கணம் சொல்லலாம். இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை மாகாணச் சட்டப்படி, குற்றம் நடந்த கவுண்டியின் கோர்ட்டே விசாரிக்கிறது. ஆகவே அந்தக் காகிதங்கள் தலைநகரமாகிய வாஷிங்டனில் இரா. மாகாணத் தலைநகரிலும் பெரும்பாலும் இரா. பருத்திக் காட்டுக்கும் சோளக் கொல்லைக்கும் நடுவிலுள்ள ஒரு சிற்றூரின் கோர்ட்டில்தான் இருக்கும். முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மத்திய சர்க்கார் கோர்ட்டுகளின் ரிக்கார்டுகளைக் கம்ப்யூட்டர் மூலம் பார்ப்பதற்குப் 'பேஸர்' என்ற ஏற்பாடு இருக்கிறது. பக்கத்துக்குப் பத்து சென்ட். ஒரு தஸ்தாவேஜுக்கு அதிகபட்சம் மூன்று டாலர். மூன்று மாதத்தில் முப்பது டாலருக்கு மேற்படாவிட்டால் காசே வேண்டாம். மிகவும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் கவுண்டிக் கோர்ட்டில் நடந்த கொலை வழக்கை அதில் தேடுவது, மாம்பலத்தில் தொலைத்த சாவியை மயிலாப்பூரில் தேடுவதற்கு ஒப்பாகும்.

அதுபோலவே, 1966-ம் வருஷத்துத் தகவல் சுதந்திரச் சட்டத்தைக் காட்டிக் கேட்டாலும் பயனில்லை. அது மத்திய சர்க்காரின் நிர்வாக இலாகாக்களைக் கட்டுப்படுத்துமேயன்றிக் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது. கோர்ட்டு ரிக்கார்டைப் பார்க்கும் உரிமை அதைவிடப் பழமையானது. பொது ரிக்கார்டுகளையும் கோர்ட்டுத் தஸ்தாவேஜுகளையும் பார்வையிடவும் நகல் எடுக்கவும் ஜனங்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் சொல்லியிருக்கிறது. ஜனாதிபதி நிக்ஸனின் ஒலிநாடாக்கள் சம்பந்தமான வழக்கு அது. விநோதம் என்னவென்றால், நாடாக்களைக் கேட்டவர்களுக்கு நாடாக்கள் கிடைக்கவில்லை. உரிமை உண்டு என்ற வாசகம் மட்டும் எல்லாருக்கும் கிடைத்தது. 1980-ல் இன்னொரு வழக்கில், கிரிமினல் விசாரணைகள் பொது ஜனங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றும் அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது.

* * *

இனி ஓர் உண்மை வழக்கைப் பார்ப்போம். அதைப் பார்த்தால் தேடும் வழியும் தெரியும். தேடுவது ஏன் என்பதும் தெரியும்.

மிஸ்ஸிஸ்ஸிப்பி மாகாணத்தில் 82 கவுண்டிகள் உண்டு. அவற்றில் லெப்லோர் என்பது ஒன்று. டல்லஹாச்சி என்பது அதன் அண்டைக் கவுண்டி. இரண்டும் பருத்தி விளையும் கரிசல் பூமி. 1955-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், சிகாகோ நகரத்துச் சிறுவன் எம்மெட் டில் என்பவன் தன் உறவினரான மோஸஸ் ரைட் என்ற முதியவர் வீட்டுக்கு விருந்தாளியாக லெப்லோர் கவுண்டிக்கு வந்தான். அவனுக்கு வயது பதினாலு. நீக்ரோச் சிறுவன் என்று அக்காலத்தவர் குறிப்பிட்டார்கள்; கறுப்பினச் சிறுவன் என்று நாம் சொல்வோம். ஆகஸ்டு 24-ந் தேதி மனி என்ற சிற்றூரின் மளிகைக் கடைக்குச் சென்றான். கடைக்காரனின் மனைவியான வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று ஒரு பேச்சுக் கிளம்பிற்று. 28-ந் தேதி விடிவதற்கு முன், கடைக்காரன் ராய் பிரையண்டும், அவனுடைய ஒரு தாய் வயிற்றுச் சகோதரனான ஜே. டபிள்யூ. மிலமும் வந்து, படுக்கையிலிருந்து சிறுவனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து, டல்லஹாச்சி நதியில் அவன் உடல் மிதந்தது. பஞ்சாலையின் கனத்த விசிறி ஒன்று முள்கம்பியால் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

தாயார் மேமி டில் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார். தம் மகனுக்கு என்ன செய்தார்கள் என்பதை உலகம் பார்க்கட்டும் என்பது அந்த அம்மாளின் தீர்மானம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வந்து பார்த்தார்கள்.

உடல் அகப்பட்ட இடம் டல்லஹாச்சி கவுண்டியாதலால், கொலை வழக்கு அந்தக் கவுண்டியின் ஸம்னர் என்ற ஊரில் நடந்தது. செப்டம்பர் 19-ந் தேதி முதல் 23-ந் தேதி வரையில் விசாரணை. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆடவர். மோஸஸ் ரைட் கூண்டில் ஏறி, வந்தவர்களை விரல் நீட்டி அடையாளம் காட்டினார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஒரு கறுப்பினக் குடியானவர் அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமானம். நதியில் கிடைத்த உடல் எம்மெட்டினுடையதே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதித்தது. ஜூரிகள் 67 நிமிஷம் ஆலோசித்து, இருவரும் குற்றவாளிகள் அல்ல என்றார்கள். சிறுவனைக் கொண்டுபோனது லெப்லோர் கவுண்டியில் அல்லவா? அந்தக் கடத்தல் குற்றத்துக்காக அந்தக் கவுண்டியின் கிராண்டு ஜூரி நவம்பரில் கூடிற்று. வழக்குத் தொடுக்கவே மறுத்துவிட்டது. 1956 ஜனவரியில், 'லுக்' என்ற பத்திரிகையில், பணம் பெற்றுக்கொண்டு, இருவரும் தாங்கள்தான் கொன்றோம் என்று விவரமாகச் சொன்னார்கள். ஒரு முறை விடுதலையானவனை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே அவர்களை யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இவ்வளவும் உலகம் அறிந்த கதை. ரிக்கார்டின் கதை இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

* * *

ஸம்னர் விசாரணையில் சாட்சிகள் சொன்னதை எழுதிய வாக்குமூலப் பிரதி பல வருஷ காலம் காணப்படவில்லை. இது எப்படி நேரும் என்று நேயர்கள் வியப்படையலாம். காரணம் சுலபமானது. கோர்ட்டில் சுருக்கெழுத்தாளர் எழுதும் குறிப்பு முழுதும் தட்டெழுத்தாகிப் பத்திரமாய் மேல் கோர்ட்டுக்குப் போவது அப்பீல் செய்தால்தான். தண்டனை அடைந்தவன் அப்பீல் செய்வான். விடுதலையடைந்தவன் ஏன் செய்கிறான்? விடுதலையை எதிர்த்து சர்க்கார் அப்பீல் செய்ய அங்கே வழி கிடையாது. எனவே, எந்த வழக்கில் நீதி தவறி விடுதலை கிடைத்ததோ, அந்த வழக்கின் ரிக்கார்டே மேல் கோர்ட்டின் பாதுகாப்பு இல்லாமல் அழிந்து போவதற்கு அதிக ஏதுவாகிறது. எம்மெட் டில் வழக்கில் நடந்தது இதுவே.

2004-ல் மத்திய துப்பறியும் இலாகாவாகிய எப்.பி.ஐ. இந்த வழக்கை மறுபடியும் கையில் எடுத்தது. அவர்கள் தேடிய தேட்டத்தில் அந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று அகப்பட்டது. நகலுக்கு நகல், எழுத்துக்கள் மங்கியிருந்தன. 350 பக்கங்களுக்கு மேற்பட்ட அதை வரி வரியாகப் படித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. 2005-ல் சிறுவனின் உடலையும் தோண்டி எடுத்துச் சோதித்து, அது எம்மெட்டின் உடலே என்று விஞ்ஞான முறையில் நிச்சயம் செய்தார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் ஜூரிகள் ஒத்துக்கொண்ட வாதம் அன்றோடு மண்ணாயிற்று. ஆனால் மேமி டில் 2003 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட இருவரும் 1994-க்குள் இறந்து போயிருந்தார்கள்.

இத்துடன் கதை முடியவில்லை. 2022-ம் வருஷம் ஜூன் மாதம், எம்மெட்டின் உறவினர் இருவர் உட்பட ஐந்து பேர் அடங்கிய சிறு கோஷ்டி லெப்லோர் கவுண்டியின் தலைநகரான கிரீன்வுட் கோர்ட்டுக்குப் போயிற்று. நிலவறையிலே பெட்டிகள் பத்துப் பத்து வருஷமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. ஒரு பெட்டியில், ஓர் உறைக்குள், 1955 ஆகஸ்டு 29-ந் தேதியிட்ட ஒரு வாரண்டு இருந்தது. ஆள் கடத்திய குற்றத்துக்காகக் கைது செய்ய வேண்டியவர்கள் என்று அதில் மூன்று பெயர்கள் கண்டிருந்தன: மிலம், பிரையண்டு, 'மிஸஸ் ராய் பிரையண்டு'. மூன்றாவது பெயருக்குரிய பெண்மணியை ஒரு நாளும் கைது செய்ததில்லை. இரண்டு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஸ்திரீயைத் தொந்தரவு செய்ய விரும்பவில்லை என்று அக்காலத்து ஷெரீப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார். வாரண்டு உண்மையானதே என்று கோர்ட்டுக் குமாஸ்தா அத்தாட்சி கொடுத்தார். 66 வருஷத்துக்கு மேலாக நிறைவேற்றப்படாத வாரண்டு! அந்தப் பெண்மணி அப்போது உயிருடன் இருந்தார். ஆகஸ்டு மாதத்தில் கிராண்டு ஜூரி மறுபடி கூடிச் சாட்சியம் போதாது என்று வழக்குத் தொடுக்க மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்தப் பெண்மணியும் காலமானார்.

ஸம்னரில் மட்டும் தேடியிருந்தால் அந்த வாரண்டு அகப்பட்டே இராது. குற்றம் ஒன்றுதான், ஆனால் கடத்தல் ஒரு கவுண்டியில், உடல் கிடைத்தது இன்னொரு கவுண்டியில். ஆகவே காகிதமும் இரண்டு இடத்தில். மேலும், வழக்குத் தொடுக்கக் கிராண்டு ஜூரி மறுத்துவிட்டபடியால், கடத்தல் வழக்கு பிறக்கவே இல்லை. பிறக்காத வழக்கைப் பெயர் அட்டவணையில் தேடி அலைவதில் பயன் குறைவு. பெட்டி பெட்டியாகக் கையால் துழாவியவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

* * *

இப்போது தேடும் முறையைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கோர்ட்டை நிச்சயம் செய்துகொள்ள வேண்டும். பெருங்குற்றங்களை விசாரிக்கும் கோர்ட்டுக்கு மாகாணத்துக்கு மாகாணம் பெயர் மாறுகிறது. மிஸ்ஸிஸ்ஸிப்பியில் அதற்குச் சர்க்கியூட்டுக் கோர்ட்டு என்று பெயர். ரிக்கார்டுகளின் காவலர் சர்க்கியூட்டுக் கிளார்க்கு. கிளார்க்கு என்றதும் மூலையில் உட்கார்ந்து காது மேல் பேனாவைச் செருகியிருக்கும் ஆசாமியை நினைத்துவிடக் கூடாது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை ஜனங்கள் வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பெரிய உத்தியோகஸ்தர் அவர். நிலப் பத்திரங்களை வைத்திருப்பவர் வேறொரு கிளார்க்கு. அவரிடம் போய்க் கொலை வழக்கைக் கேட்டால் கிடைக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. மிஸ்ஸிஸ்ஸிப்பியில் பத்துக் கவுண்டிகளுக்கு இரண்டிரண்டு தலைநகரங்கள்! டல்லஹாச்சி கவுண்டிக்குச் சார்ல்ஸ்டனில் ஒரு கோர்ட்டு, ஸம்னரில் ஒரு கோர்ட்டு. கவுண்டியின் ஜனத்தொகை சுமார் 12,700. இரண்டு மனைவிக்காரனைப் போல், அந்தக் கவுண்டி தன் காகிதங்களை இரண்டு வீட்டில் வைத்திருக்கிறது.

இரண்டாவது, கேட்பதற்கு முன் விவரம் சேகரிக்க வேண்டும். எதிரியின் முழுப் பெயர், ஏறக்குறைய எந்த வருஷம், என்ன குற்றம், இவை மூன்றும் அவசியம். வழக்கு நம்பர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் அக்காலத்துப் பத்திரிகைகளைப் பார்த்து, விசாரணை நடந்த தேதியைக் கண்டுபிடிக்கலாம். பிறகு எதிரிகளின் பெயர்வாரி அட்டவணையைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து நம்பர், நம்பரிலிருந்து டாக்கெட்டுப் புத்தகம், அதாவது எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாய் எழுதிய ஏடு, அதிலிருந்து கோர்ட்டு உத்தரவுகள் எழுதிய நடவடிக்கைப் புத்தகம், கடைசியாக வழக்குக் கட்டு. கட்டே காணாமற் போனாலும் டாக்கெட்டும் நடவடிக்கைப் புத்தகமும் பெரும்பாலும் இருக்கும். வழக்கின் எலும்புக்கூட்டை அவற்றிலிருந்து அறியலாம். ஒரே பெயருள்ளவர்கள் பலர் இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. பிறந்த தேதியைக் கொண்டு ஒத்துப் பார்க்காமல் முடிவு கட்டுவது பெரும் பாவம்.

மூன்றாவது, கேட்கும் முறை. கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்க வேண்டும். ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"ஐயா, தங்கள் கோர்ட்டில் இன்ன வருஷத்தை ஒட்டி இன்ன பெயருள்ளவர் மீது இன்ன குற்றத்துக்காக நடந்த வழக்கின் டாக்கெட்டு, குற்றப் பத்திரிகை, தீர்ப்பு, தண்டனை உத்தரவு இவற்றின் நகல்கள் வேண்டும். தேடுவதற்கும் நகலுக்கும் ஆகும் கட்டணத்தை முன்னதாகத் தெரிவித்தால் அனுப்பி வைக்கிறேன். ரிக்கார்டு தங்களிடம் இல்லையானால் எங்கே அனுப்பப்பட்டது என்று தெரிவிக்கக் கோருகிறேன். விலாசமெழுதித் தபால் தலை ஒட்டிய உறை இத்துடன் இருக்கிறது."

கடைசி இரண்டு வாக்கியங்களை அலட்சியம் செய்யக் கூடாது. "இல்லை" என்ற பதில் வேறு. "இங்கே இல்லை, மாகாண ஆவணக் களரிக்குப் போய்விட்டது" என்ற பதில் வேறு. பழைய ரிக்கார்டுகள் சில மைக்ரோபிலிம் எடுக்கப்பட்டு மாகாணத் தலைநகரில் இருக்கின்றன. மிஸ்ஸிஸ்ஸிப்பிக்கு அது ஜாக்ஸன் நகரத்திலுள்ள ஆவண, சரித்திர இலாகா. தபால் உறையைப் பொறுத்தவரை, சிறு கவுண்டிகளில் இரண்டு மூன்று பேரே எல்லா வேலையையும் பார்க்கிறார்கள். அவர்களுடைய வேலையைக் குறைப்பவருக்கு அவர்கள் மனமும் இளகும்.

சாதாரண நகல் வேறு, கோர்ட்டு முத்திரையிட்ட அத்தாட்சி நகல் வேறு. படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னது போதும். இன்னொரு சர்க்கார் இலாகாவிடம் காட்டுவதற்குப் பின்னதே செல்லும். விலையும் சற்று அதிகம். எல்லாவற்றையும்விட நேரில் போவது சிலாக்கியம். மேலே சொன்ன பெட்டி கடிதத்துக்குத் திறக்கவில்லை, கைகளுக்குத்தான் திறந்தது.

நான்காவது, கிடைக்காதவை எவை என்றும் தெரிந்திருக்க வேண்டும். கிராண்டு ஜூரியின் முன் சாட்சிகள் சொன்னது இரகசியம். சிறுவர் கோர்ட்டு ரிக்கார்டு, நீதிபதி உத்தரவால் முத்திரையிட்டு மூடிய காகிதம், சட்டப்படி துடைக்கப்பட்ட வழக்கு, தண்டனை விதிக்குமுன் எதிரியின் குடும்ப நிலைமையைப் பற்றித் தயாரிக்கும் அறிக்கை, இவை பொது ஜனங்களுக்குக் கிடைக்கமாட்டா. மறுத்தால், எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். அந்தக் கேள்வியால் சில சமயம் கதவு திறந்துவிடுவதும் உண்டு.

* * *

ரிக்கார்டு என்பது இருமுனைக் கத்தி என்பதையும் சொல்லிவிட வேண்டும். கைது வேறு, குற்றப் பத்திரிகை வேறு, தண்டனை வேறு. கைது செய்யப்பட்டு, வழக்கே இல்லாமல் விடுபட்டவனுடைய பெயரும் ஏட்டில் இருக்கும். வேலைக்கு ஆள் எடுப்பவர்களும், வீடு வாடகைக்கு விடுபவர்களும் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கூலிக்கு விசாரித்துச் சொல்லும் கம்பெனிகள், ஏழு வருஷத்துக்கு முந்திய கைதுகளைப் பொதுவாக அறிவிக்கக் கூடாது என்று 1970-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. தண்டனைக்கு அந்த வரம்பு இல்லை. ஆகையால் கட்டின் கடைசிக் காகிதம் வரையில் படிக்காதவன் கட்டைத் தொடாதிருப்பதே தர்மம்.

காகிதத்தில் ஒரு சொல் ஒரு மனிதனின் பிரஜா உரிமையையே நிர்ணயிப்பதும் உண்டு. மிஸ்ஸிஸ்ஸிப்பியின் 1890-ம் வருஷத்து அரசியல் சட்டத்தில் 241-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கறுப்பின ஜனங்களின் வோட்டைப் பறிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் இயற்றப்பட்ட அரசியல் சட்டம் அது. சில குறிப்பிட்ட குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவன் ஆயுள் முழுதும் வோட்டுரிமை இழப்பான் என்று அந்தப் பிரிவு சொல்லுகிறது. திருட்டு அந்த ஜாபிதாவில் இருக்கிறது. வீடு புகுதல் 1950-ல் அதிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது! பூட்டை உடைத்து உள்ளே நுழைந்தவன் வோட்டுப் போடலாம். வெளியில் கிடந்த பொருளை எடுத்தவன் போடக் கூடாது. 2024-ல் கூட அந்த விதியை ரத்து செய்ய மத்திய அப்பீல் கோர்ட்டு மறுத்துவிட்டது. இந்த நிலைமையில், இருபது வருஷத்துக்கு முன் தண்டனை அநுபவித்த ஓர் ஏழை, தான் வோட்டுப் போடலாமா கூடாதா என்று அறிவதற்கு என்ன வழி? கவுண்டிக் கோர்ட்டிலுள்ள தண்டனை உத்தரவில் குற்றத்தின் பெயர் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வழி. அவனுக்கு அந்தக் காகிதம் சரித்திரமல்ல; அவனுடைய பிரஜா உரிமை.

நம் தேசத்திலும் கோர்ட்டுத் தஸ்தாவேஜின் அத்தாட்சி நகல் பெறும் முறை 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் நாளிலிருந்தே உண்டு. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் வழக்கில் சம்பந்தப்படாத மூன்றாம் மனிதர் நகல் கேட்டால், எதற்காக என்று காரணம் சொல்ல வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தைக் காட்டி இந்த வழியைச் சுற்றிப் போக முடியாது என்று 2020 மார்ச்சில் நம் சுப்ரீம் கோர்ட்டு, குஜராத் ஹைக்கோர்ட்டு சம்பந்தமான வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் கவுண்டியில் யாரும் "உனக்கு எதற்கு?" என்று கேட்க வேண்டியதில்லை. நிறவெறி தாண்டவமாடிய மாகாணத்திலும் அந்த ஒரு கதவு திறந்திருந்தது. அந்நியன் போன பிறகும் அவன் வைத்த கேள்வி நம் நகல் மனுவில் இன்னும் தொங்குகிறதே என்று சுதந்திர நாட்டுப் பிரஜைகள் யோசிக்க வேண்டாமா? முன்னே சொல்வதாகச் சொன்ன இரண்டாவது பதில் இதுவே.

அந்த வாரண்டினால் ஒருவரும் சிறை செல்லவில்லையே, தேடியதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2007 அக்டோபரில் டல்லஹாச்சி கவுண்டியார் ஸம்னர் கோர்ட்டின் முன் கூடி, எம்மெட்டின் குடும்பத்தாரிடம் தங்கள் ஊரின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கோர்ட்டு மண்டபத்தை 1955-ல் இருந்தபடியே புதுப்பித்திருக்கிறார்கள். 2023 ஜூலை 25-ந் தேதி, எம்மெட்டின் பிறந்த நாளன்று, அது தேசீய ஞாபகச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தாயார் பெயரும் மகன் பெயரும் அதில் சேர்ந்து விளங்குகின்றன. வாக்குமூலத்தை இப்போது யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மோஸஸ் ரைட் என்ற கிழவர் எழுந்து நின்று விரல் நீட்டியது அதில் இருக்கிறது. அதற்கு 67 நிமிஷத்தில் விடை சொன்ன பன்னிருவரைக் காகிதம் தண்டிக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்பதை அது ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நேயர்களுடைய ஊர்க் கோர்ட்டுகளிலும் நிலவறைகள் இருக்கின்றன. தேசத்துக்காகச் சிறை சென்ற பாட்டனார், சித்தப்பா, அத்தை இவர்களுடைய வழக்குகள் எந்தக் கட்டில் கிடக்கின்றனவோ, தெரியாது. ஒரு நகல் மனுவும் சில ரூபாய் ஸ்டாம்பும் செலவழித்துத் தேடிப் பார்ப்பது வீண் போகாது. கறையான் மனுப் போடாமலே தேடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.